கவர்னர் வீட்டு ஆள்

முதல்ல சாப்பிடுங்க தம்பி. பேனாவ உள்ள வைங்க. மெட்ராஸ்ல இருந்து ராத்திரி பூரா பஸ்ல வந்திருக்கிய, வந்ததும் வராததுமா பேட்டியா? சோறு ஆறிரும். சாம்பார் ஊத்திக்கிடுங்க. நான் எங்கயும் ஓடிர மாட்டேன். எழுபத்தெட்டு வயசு, முட்டு ரெண்டும் போச்சு, ஓடணும்னாலும் முடியாது.

அந்தச் செவத்துல தொங்குதே, அந்தப் படத்தப் பாருங்க. ஐயா தவறி இன்னியோட எட்டு நாள். எட்டு நாளா டிவியில இந்தப் படத்தத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுதாவ. பேங்க் வாசல்ல வரிசையில நின்னுக்கிட்டு கவர்னர் தியாகேசன் புளியோதரை சாப்பிடுதாவ. பக்கத்துல ஒரு கை மட்டும் கரண்டியோட நீண்டிருக்கு பாத்தீயளா? ஒரு சேனல்காரன் அது வரிசையில நின்ன ஏழைத் தாயோட கைங்கான். இன்னொருத்தன் பாரத மாதாவோட கைன்னு கவிதை படிச்சான். முடி முளைச்ச கை தம்பி. என் கை. ஆவுடையப்பன், பேர எழுதிக்கிடுங்க. ஐயா வீட்டுல இருபத்திரண்டு வருசம் சமையல். பாவி போட்டோக்காரன் முழங்கையோட வெட்டிட்டான்.

கல்லாவுல இருக்கது என் மவ உலகம்மாள். உலகுன்னு கூப்பிடுவோம். கொஞ்சம் மெதுவா பேசுவோம், அவளுக்கு இந்தக் கதை பிடிக்காது.

நீங்க ஐயாவப் பத்தி நல்லதா நாலு வார்த்த கேக்க வந்திருக்கிய. நல்ல மனுசன்தான், இல்லங்கல. ஆனா பல்லியக் கண்டா நாற்காலி மேல ஏறிருவாவ. ரிசர்வ் பேங்க் கவர்னர், நாட்டுல இருக்க நோட்டு பூராவும் அவிய கையெழுத்து, பல்லி விரட்ட நான் வரணும். சர்க்கரை வியாதி, நீலாம்மா, அதான் அவிய வீட்டம்மா, ரெண்டு வடைக்கு மேல கிடையாதுன்னு உத்தரவு போட்டிருந்தாவ. பூசை முடிஞ்சு அம்மா கண்ண மூடுத நேரம் பாத்து அடுக்களைக்கு வந்து மூணாவது வடைய எடுத்து ஜிப்பா பையில போட்டுக்கிட்டுப் போயிருவாவ. ஜிப்பாவெல்லாம் எண்ணெய்க் கறை. வெளுக்கப் போடுததும் நான்தான்.

பேச்சு இருக்கே, அது தனி. வட்டி ஏறுமா, இறங்குமான்னு ஊரே வாயப் பாத்துக்கிட்டு நிக்கும். அரை மணி நேரம் பேசுவாவ. முடிச்ச பொறவு பாத்தா ஏறும்னு நினைச்சவனுக்கும் சந்தோசம், இறங்கும்னு நினைச்சவனுக்கும் சந்தோசம். அதான் அவிய வேலையாம். சரி, ஆபீஸ்ல அப்படி, வீட்டுலயுமா? "ஐயா, மத்தியானம் சாம்பாரா, வத்தக்குழம்பா"ன்னு கேட்டா, "நிலைமையைக் கவனிச்சுட்டு இருக்கேன் ஆவுடை"ம்பாவ. கத்திரிக்காய நறுக்கி வச்சுக்கிட்டு நான் எந்த நிலைமையக் கவனிக்க?

இருக்கட்டும். அந்தப் படம் எடுத்த வாரத்துக்கு வாரேன்.

பம்பாய்ல, மாட்டுங்காவுல ஒரு சின்ன கூட்டுறவு பேங்க். பேரு வேண்டாம், இன்னும் நடக்கு. நம்ம ஊர் ஆளுக, பூக்காரி, இட்லிக்கடைக்காரன், மில்லு வேலைக்காரன் எல்லாரும் அங்கதான் போடுவாவ. நானும் அங்கதான். பம்பாய்க்கு வந்த பதினாறு வருசச் சம்பாத்தியம், வட்டியோட ஒரு லட்சத்துப் பதினாலாயிரம். மேனேஜர் ஷெட்டி, உடுப்பிப் பக்கத்து ஆள், தங்கமானவர். நான் உள்ள நுழைஞ்சாலே "கவர்னர் வீட்டு ஆள் வந்தாச்சு"ன்னு எந்திரிச்சு நாற்காலி போடுவார். வரிசையில எல்லாம் நான் நின்னதே கிடையாது. அதுக்குப் பதிலா நானும் ஏதாச்சும் சொல்லணுமில்லா? இன்னிக்கு ஐயா முகம் தெளிவா இருந்துச்சு, நேத்து ரெண்டு தோசையோட எந்திரிச்சிட்டாவ, டெல்லியில இருந்து போன் வந்துச்சு, இப்படி. ஷெட்டி கண்ண விரிச்சுக் கேப்பார். கிளார்க்குகள் வேலைய விட்டுட்டுக் கேப்பான்க. எனக்கும் அது ஒரு மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு. அடுக்களையில வேகுதவனுக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைச்சா விடுவானா?

உலகுக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. அம்பர்நாத்ல ஒரு மாப்பிள்ள அமைஞ்சுது. ரெயில்வே பட்டறையில வேலை. அவன் அப்பா குற்றாலிங்கம், நம்ம பக்கத்து ஆள்தான், ஆழ்வார்குறிச்சி. இருபத்தஞ்சு பவுன் போடணும்னாரு. போடுதோம்னேன். வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம், அன்னைக்கே நகையக் கண்ணுல காட்டணும். என் பொண்டாட்டி கோமதி கறாரா சொல்லிட்டா, "தட்டு மாத்துத வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. ஏற்கனவே ஒண்ணு உங்க வாயால கெட்டுச்சு." உண்மைதான். அதுக்கு முந்தின வருசம் ஒரு வரன் வந்து, நான் மார்க்கெட் பூரா சொல்லி, எவ கண்ணு பட்டுச்சோ, பையன் பைக்ல இருந்து விழுந்து அவன் அம்மா ராசி சரியில்லன்னுட்டா. அதனால இந்தத் தடவை வாயத் தைச்சுக்கிட்டேன். ஐயாகிட்டக் கூட சொல்லல.

திங்கக்கிழமை காலையில பேங்க்குக்குப் போறேன். டெபாசிட் ரசீத நீட்டி, "முழுசா எடுக்கணும்"ங்கேன். ஷெட்டி முகம் சுருங்கிருச்சு. "முழுசுமா? முறிச்சா வட்டி போகுமே, இன்னும் நாலு மாசம்தானே இருக்கு?" போவட்டும்னேன். "ஏன் இவ்வளவு அவசரம்? வீட்டுல ஏதாவது?" ஒண்ணுமில்லன்னேன். "பின்ன காரணம்?" இங்கதான் தம்பி, நான் ஒரு சிரிப்புச் சிரிச்சேன். கல்யாண வீட்டுக்காரன் சிரிப்பு. "காரணம் இப்ப சொல்ற மாதிரி இல்ல சார். வெள்ளிக்கிழமை உங்களுக்கே தெரிஞ்சிரும்"னேன்.

சொல்லிட்டுப் பணத்த மஞ்சப்பையில சுத்தி வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுல அரிசி டின்னுக்குள்ள வச்சா கோமதி.

மறுநாள் கறிகாய் வாங்கப் போறேன், பேங்க் வாசல்ல இருந்து மார்க்கெட் வரைக்கும் வரிசை. மண்ணெண்ண ஊத்துதான் போலிருக்குன்னு நினைச்சு நானும் போய் கடைசியில நின்னேன். முன்னால நின்ன பூக்காரிகிட்ட என்னம்மா விசயம்னு கேட்டா, "தெரியாதா? வெள்ளிக்கிழமை பேங்க் மூழ்கப் போவுதாம். கவர்னர் தன் ஆளை அனுப்பிப் பணம் பூராவும் எடுத்துட்டாராம்"ங்கா. யாரும்மா அந்த ஆளுன்னேன். குட்டையா, வழுக்கையா, காதுல கடுக்கன் போட்ட ஆளாம். துண்ட எடுத்துத் தலையச் சுத்தி முக்காடு போட்டவன்தான், வீட்டுக்கு வந்துதான் எடுத்தேன். கறிகாயும் வாங்கல.

அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த பேங்க்கோட மூணு கிளையிலயும் கூட்டம். புதன்கிழமை காலையில வேற பேங்க்குகள்லயும் ஆரம்பிச்சிருச்சு. ரேடியோவுல சொல்லுதான். ஐயாவுக்கு அடை வார்த்து வைக்கேன், தொடல. அவியலையும் தொடல. ஐயா அடையத் தொடலன்னா விசயம் பெருசுன்னு அர்த்தம். நீலாம்மாகிட்ட சொல்லுதாவ, "நல்ல பேங்க் நீலா. ஒரு குறையும் இல்ல. ஆனா எல்லாரும் ஒரே நாள்ல வந்து கேட்டா எந்த பேங்க்கும் நிக்காது. யாரோ நம்ம வீட்டு ஆள்னு சொல்லிக்கிட்டு எவனோ..."

என் கையில இருந்த தோசைத்திருப்பி கீழ விழுந்துச்சு.

ஐயா திரும்பிப் பாத்தாவ. நான் அப்படியே உக்காந்துட்டேன், அடுக்களை வாசல்லயே. "நான்தான்யா"ன்னேன். அழுகையா வருது. ஐயா எந்திரிச்சு வந்து அரிசி மூட்ட மேல உக்காந்தாவ. திட்டல. எவ்வளவு எடுத்தே, எங்க இருக்கு, செலவாயிடுச்சா. மூணே கேள்வி. பதில் சொன்னேன். பொறவு கேட்டாவ, "ஷெட்டி காரணம் கேட்டப்ப மகளுக்குக் கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" "கண்ணு பட்டுரும்லாய்யா"ன்னேன். ஐயா கண்ண மூடிக்கிட்டாவ. "லண்டன்ல நாலு வருஷம் படிச்சேன் ஆவுடை. இதைப் பத்தி ஒரு பாடம் கூட வைக்கல"ன்னாவ.

அந்தால சொன்னாவ, "நாளைக்கு நாம ரெண்டு பேரும் போறோம். நீ எடுத்த பணத்தை நீயே திருப்பிப் போடணும், எல்லார் கண் முன்னாடியும். நானும் கணக்கு ஆரம்பிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை நிச்சயம்யா, நகை வாங்கணும்யாங்கேன். தெரியுதுங்காவ. அப்ப நகைக்கு நீங்க குடுப்பீயளான்னு வாய் விட்டே கேட்டுட்டேன். மாட்டேன்னுட்டாவ. நேரா, முகத்தப் பாத்து. "நான் உனக்கு ஒரு ரூபா குடுத்தாலும் அது நான் காசு குடுத்து நடத்தின நாடகமாயிடும். நாளைக்கு எவனாவது கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்." நீலாம்மா கை வளையலக் கழட்டப் போனாவ, அதையும் கூடாதுன்னுட்டாவ. "ஒரு வருஷம் பொறுத்துக்கோ. ஒரு வருஷம் அந்தப் பணம் அங்க இருக்கணும். நீ மறுபடியும் எடுத்தேன்னா எல்லாம் போச்சு." வாழ்க்கையில அன்னிக்கு ஒரு நாள்தான் அந்த மனுசன் வளைக்காம நெளிக்காம பேசினாவ. அதுவும் என்கிட்டப் போய்.

வீட்டுல சொன்னேன். கோமதி டின்னுக்குள்ள கைய விட்டு மஞ்சப்பைய எடுத்து, ஒட்டியிருந்த அரிசியத் தட்டி என் கையில குடுத்தா. "மவகிட்ட நீங்களே சொல்லுங்க"ன்னா. உலகு தையல் மிசின்ல உக்காந்திருந்தா. நிச்சயத்துக்கு ரவிக்கை தைச்சுக்கிட்டிருந்தா. எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஒரு வருசந்தானப்பா?" அப்படின்னா. ஆமம்மா, ஒரு வருசந்தான்னேன். சரிப்பான்னா.

ரசம் விட்டுக்கிடுங்க தம்பி. கூட்டு வைக்கச் சொல்லவா?

வியாழக்கிழமை கார் எல்லாம் வேண்டாம்னு டாக்சியில போறோம். எரநூறு முன்னூறு பேர் வரிசை. அழுகை, சண்டை, தள்ளுமுள்ளு. ஒரு கிழவன் பாஸ்புத்தகத்த நெஞ்சோட வச்சு உக்காந்திருக்கான். ஷெட்டி ஓடி வந்து, "சார், உள்ள வாங்க, பின் வாசல் வழியா"ங்காரு. ஐயா மாட்டேன்னுட்டாவ. வரிசையில கடைசியா போய் நின்னாவ. எனக்குப் பின்னால. முதல்ல நான், அடுத்து கவர்னர். அந்த பேங்க்ல முழு வரிசையும் நின்னது எனக்கு அதுதான் முதல் தடவை, கால் கடுத்துப் போச்சு.

கூட்டம் மெதுவா பாக்க ஆரம்பிச்சுது. ஒருத்தன் கத்துதான், "உங்க ஆள் ஏன் பணத்த எடுத்தான்?" ஐயா தனக்குத் தெரிஞ்ச ஓட்டை இந்தியில சொல்லுதாவ, "மகளுக்கு நகை வாங்க எடுத்தார். இப்ப திருப்பிப் போட வந்திருக்கார். நானும் போடறேன்." எவனும் நம்பல. கவர்னர் நாடகம் போடுதார்ங்கான். பதினொண்ணாச்சு, பன்னெண்டாச்சு. பத்திரிகைக்காரன்க வந்துட்டான்க. ஒரு மணி ஆகப் போவுது. ஐயாவுக்கு ஒரு மணிக்குச் சாப்பாடு உள்ள போவலன்னா கிறுகிறுன்னு வந்துரும், சர்க்கரை. அது எனக்குத் தெரியும்லா? அதனாலதான் விடியக்காலையில எந்திரிச்சு பெரிய தூக்குவாளி நிறையப் புளியோதரை கிண்டி எடுத்துட்டுப் போயிருந்தேன். நம்ம ஊர்ப் பக்குவம், நல்லெண்ணெய், வறுத்த வேர்க்கடலை, கடைசியில ஒரு துண்டு வெல்லம்.

வாளிய இப்படித் தொறந்தேன். ஐயா முகம் மலர்ந்துச்சு பாருங்க. மந்தார இலைத் தட்ட ஒரு கையில வாங்கிக்கிட்டு நின்னபடியே சாப்பிட ஆரம்பிச்சிட்டாவ. கவர்னர் மாதிரியா சாப்பிட்டாவ? பந்தியில முதல் வரிசையில இடம் கிடைச்சவன் மாதிரி. வேர்க்கடலை கீழ விழுந்தா அதையும் தேடுதாவ. ரெண்டாம் தடவை கேட்டாவ. மூணாம் தடவையும் கேட்டாவ, நீலாம்மாதான் அங்க இல்லையே. மீசையெல்லாம் மஞ்சள். அப்பதான் அந்த போட்டோ.

கூட்டம் அப்படியே பாக்குது. அந்தப் பூக்காரி இருந்தா தம்பி, அவதான் முதல்ல சொன்னா. "பயந்தவன் இப்படித் திங்க மாட்டான்"னா. பக்கத்துல ஒரு மராட்டிக்காரம்மா கைய நீட்டினா, அவளுக்கும் ஒரு கரண்டி வச்சேன். அந்தக் கிழவனுக்கும் வச்சேன். வாளி காலியாவுத வரைக்கும் வச்சேன். ஒவ்வொருத்தனா வீட்டுக்குப் போறான். சாயங்காலம் நாலு மணிக்கு நான் கவுண்டருக்குப் போறப்ப வரிசையில மொத்தம் பன்னெண்டு பேர். மறுநாள் பம்பாய் பூரா அமைதி. அடுத்த வாரம் நாடு பூரா அமைதி.

பெரிய பெரிய ஆளுக எல்லாம் கட்டுரை எழுதினான், தியாகேசனோட துணிச்சல், தியாகேசனோட அறிவு. துணிச்சல் என்ன துணிச்சல், பசி. அறிவு என்ன அறிவு, என் புளிக்காய்ச்சல். ஒரு எழுத்து அதைப் பத்தி எழுதல. பதினோரு மாசத்துல டெல்லியில மந்திரியாக்கிட்டாவ. ஐயாவுக்கு அதுல இஷ்டமே இல்ல, அது வேற விசயம். அவிய எழுதின புத்தகத்துல, எழுநூறு பக்கம் தம்பி, நான் எங்க இருக்கேன் தெரியுமா? "எனக்கு முன்னால் ஒரு சாதாரண வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தார்." அவ்வளவுதான். நாட்டையே கலக்கிவிட்டவன் எவன்னு விசாரணைக் கமிட்டி, போலீசு எல்லாம் வந்து கேட்டப்பவும், "அது என் வீட்டு விஷயம், பேர் சொல்ல மாட்டேன்"னுட்டாவளாம். என் பேரச் சொன்னா என்ன கொறைஞ்சு போயிரும்? எனக்கு அதுல ரொம்ப வருத்தம். இத மட்டும் பெருசா போட்டு எழுதுங்க.

உலகோட நிச்சயமா? குற்றாலிங்கம் சாயங்காலப் பேப்பர்ல செய்தியப் பாத்துட்டு வெள்ளிக்கிழமைக்குப் பதிலா வியாழக்கிழமை ராத்திரியே வந்துட்டார். "நாட்டக் காப்பாத்தினது சந்தோசம், நகை எங்க?" ஒரு வருசம்னேன். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, பையனுக்கு வேற இடம் வருதுன்னு போயிட்டார். போவட்டும்னு விட்டேன். ஒரு வருசம்தான?

வருசம் முடிஞ்சுது. பேங்க்குக்குப் போறேன். நான் வாசப்படி ஏறுதப்பவே ஷெட்டிக்கு வேர்த்துப் போச்சு. ஓடி வந்து தோளப் பிடிச்சு தன் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி கதவச் சாத்தினார். ஜில்லுனு ரெண்டு கலர் சோடா வரவழைச்சார். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு? ஐயா ஏதும் சொன்னாரா?" கண்ணாடி வழியாப் பாக்கேன், வரிசையில நின்ன ரெண்டு பேரு என்னையவே பாக்கான். ஒரு பொம்பளை பாஸ்புத்தகத்த இறுக்கிப் பிடிச்சா. நான் கைய நீட்டினா இந்த பேங்க் போச்சு. ஐயா இப்ப மந்திரி, அவிய பேரும் போச்சு. "சும்மாதான் வந்தேன் சார், இன்னொரு வருசத்துக்குப் புதுப்பிச்சிருங்க"ன்னுட்டு வந்துட்டேன். ஷெட்டி வாசல் வரைக்கும் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

கோமதி கேட்டா, "நாட்டுக்கு நீங்க என்ன மாமனா மச்சானா?" பொம்பளைக்கு இது புரியாது. நான் ஐயாகூட டெல்லிக்குப் போயிட்டேன், இவுக ரெண்டு பேரும் மாட்டுங்காவுல. ஒவ்வொரு வருசமும் லீவுல வருவேன், பேங்க் போவேன், ஷெட்டி கதவச் சாத்துவார், கலர் வரும், புதுப்பிப்பேன். அந்த நாற்காலியில உக்காந்தா மனசுக்கு ஒரு நிறைவு. இந்த நாட்டுல எத்தனை பேரால ஒரு கையெழுத்துல ஒரு பேங்க்கக் கவுக்க முடியும்? முடிஞ்சும் கவுக்காம இருக்கேன்லா?

மாப்பிள்ளைக வராம இல்ல. ஒரு சிவகாசிக்காரன் வந்தான். பணம் இருக்கு, எடுக்கத்தான் முடியாதுன்னேன், சிரிச்சுட்டுப் போயிட்டான். செம்பூர்ல ஒரு வாத்தியார், நல்ல பையன், உலகு தையல் கத்துக்குடுத்த பள்ளிக்கூடத்துலயே வேலை. நகை நட்டு ஒண்ணும் வேண்டாம், கட்டின சேலையோட அனுப்புங்கன்னான். உலகுவும் அம்மாகிட்ட சம்மதம்னு சொல்லியிருக்கா போல. நான்தான் கூடாதுன்னேன். கவர்னர் வீட்டு ஆள், இப்ப மந்திரி வீட்டு ஆள், மகள வெறுங்கழுத்தா அனுப்பினான்னு நாலு பேர் பேசுவானா மாட்டானா? அவன் ரெண்டு வருசம் காத்திருந்தான். பொறவு அவன் அம்மா வேற பாத்துட்டா. உலகு ஒரு வாரம் சரியா சாப்பிடல. காய்ச்சல்னு சொன்னா.

பதினோரு வருசம். ஐயா பிரதமரா ஆயிட்டாவ. போற இடமெல்லாம் மாலை, மரியாதை. எவன் எதிர்க்கட்சி எவன் ஆளுங்கட்சின்னு இல்ல, எல்லாரும் எந்திரிச்சு நிக்கான். பல்லிக்கு மட்டும் இன்னும் நான்தான். ஒரு நாள் காலையில இட்லி வைக்கேன். பேப்பரப் பாத்துக்கிட்டே சும்மா கேக்காவ, "உலகுக்கு எத்தனை குழந்தைங்க ஆவுடை?"

இன்னும் கல்யாணம் ஆகலங்கய்யான்னேன்.

பேப்பர மடிச்சாவ. "ஏன்?"

"பணந்தான் பேங்க்ல கெடக்குல்லாய்யா."

"எந்த பணம்?"

அந்தப் பணம்தான்யான்னேன். ஐயாவுக்கு முதல்ல புரியல. பொறவு புரிஞ்சுது. "ஒரு வருஷம்னுதானே சொன்னேன்?" மெதுவாத்தான் கேட்டாவ. ஆனா அந்த மாதிரி ஒரு குரல் நான் கேட்டதில்ல. "நான் எடுத்தா நாட்டுக்கு ஏதாச்சும்"னு இழுத்தேன். ஐயா சொன்னாவ, "நான் கேட்டிருக்கணும். ஒரு தடவை கூடக் கேக்கல. என் தப்பு." இட்லியத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ. அன்னைக்கு மந்திரிசபைக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் லேட்டாப் போனாவளாம். எனக்கு ரெயில் டிக்கெட்டு அவியளே போடச் சொன்னாவ.

வந்தேன். மாட்டுங்காவுல இறங்கி நேரா பேங்க். ஷெட்டி ரிட்டையர் ஆகி ஊருக்குப் போயிட்டார்னான் காவக்காரன். உள்ள எல்லாம் கம்ப்யூட்டர். வரிசையில நின்னேன். இருபது வயசு இருக்கும், ஒரு புள்ள கவுண்டர்ல. ரசீத நீட்டினேன். படபடன்னு தட்டினா. கையெழுத்துப் போடுங்கன்னா. மூணு லட்சத்துச் சொச்சம், தள்ளிட்டா. நாலு நிமிசம் ஆவல. நான் அப்படியே நிக்கேன். சுத்திப் பாக்கேன். ஒருத்தன் தலை தூக்கல. "நான் கவர்னர் வீட்டு ஆள்"னேன். அந்தப் புள்ள "எந்த கவர்னர்?"னு கேட்டுட்டு, "அடுத்தவருக்கு வழி விடுங்க அங்கிள்"னா.

வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன். பைய மடியில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் இருந்தேன்னு தெரியல. யாராச்சும் ஒருத்தர் பயந்து ஓடி வருவாவன்னு பாத்தேன் தம்பி. சத்தியமாச் சொல்லுதேன், பாத்தேன்.

வீட்டுக்குப் போறேன். உலகு முப்பத்தி மூணு வயசு அப்ப. காது ஓரம் ஒண்ணு ரெண்டு நரை. யாருக்கோ கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வச்சுக்கிட்டு இருக்கா. முன்னால போய் பைய வச்சேன். "எடுத்துட்டேம்மா. ஒண்ணும் ஆவல"ன்னேன். பைய ஒரு தடவை பாத்தா. என்னய ஒரு தடவை பாத்தா. பல்லால நூலக் கடிச்சுட்டு, "எனக்கு எதுக்குப்பா, நாட்டுக்கே வச்சுக்கிடுங்க"ன்னா.

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

கோமதிதான் அந்தப் பணத்த வச்சு இங்க தென்காசியில இந்த மெஸ்ஸ ஆரம்பிச்சா, உலகு பேர்ல. நல்லா ஓடுது. உலகு என்கூடப் பேசாம எல்லாம் இல்ல. பேசுவா. மாத்திரை போட்டீயளா, குளிச்சீயளா, எல்லாம் கேப்பா.

இலை எடுக்க அவளே வாரா. பேனாவ மூடுங்க தம்பி. அந்தக் கடைசியில சொன்னதெல்லாம் பேப்பர்ல வேண்டாம். ஐயா கதையோட நிறுத்திக்கிடுங்க.